தகரப் பெட்டியில் இருந்த தோள் சின்னங்கள்

பட்டாளத்துப் பெட்டி ஒன்றேனும் இல்லாத வீடு நம் சங்கத்து அன்பர்களிடையே மிகக் குறைவு. செகந்தராபாத் என்னும் இவ்வூரே 1806-ஆம் ஆண்டில் படைகளுக்காகப் பிறந்த ஊர். சென்னை ராணுவத்தின் பின்னே வந்த தையற்காரர், சமையற்காரர், வண்டிக்காரர் ஆகியோரின் சந்ததியார் திருமலகிரியிலும் பொல்லாரத்திலும் இன்றும் தமிழ் பேசி வாழ்கின்றனர். அவர்களுக்குப் பின்னர் ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர்களும் உண்டு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அவர்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கறுப்பு வர்ணம் பூசிய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் எண், பதவி, பெயர். உள்ளே கம்பளி, மெடல்கள், சான்றிதழ்கள். அவற்றுக்கும் அடியில் ஒரு பிஸ்கோத்து டப்பா. அந்த டப்பாவில் இருக்கும் துணிச் சின்னங்களைப் பற்றியே இம்மாதம் எழுதப் புகுந்தேன்.

பாத்திரங்களில் வெட்டிய பெயர்களைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியதைப் படித்த அன்பர் ஒருவர், தம் மாமனாரின் பெட்டியில் கிடந்த சிறு துணித் துண்டுகளைக் கொண்டுவந்து காட்டி, "இவை என்ன? கடையில் வாங்கிய அலங்காரமா, அரசாங்கம் கொடுத்ததா?" என்று வினவினார். அதே வேலையைத்தான் நானும் என் வீட்டில் ஆறு மாத காலமாகச் செய்து வருகிறேன். ஆகவே எழுதுவது எளிதாயிற்று.

என் தகப்பனார் காலமாகி இரண்டு வருஷங்கள் ஆகின்றன. 1974 முதல் 1994 வரை இருபது ஆண்டுகள் ராணுவ சப்ளை கோரில் மோட்டார் டிரைவராக இருந்தவர். அதிகம் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. "பட்டாளத்தில் என்ன செய்தீர்கள்?" என்றால், "வண்டி ஓட்டினேன்" என்பார். "எங்கே?" என்றால், "ரோட்டிலேதான்" என்பார். அவருடைய டப்பாவில் இருபத்து மூன்று துணிச் சின்னங்கள் இருந்தன. பூனை, சேவல், அம்பு, வாள், எருது, நட்சத்திரம் எனப் பலவகை. என் தாயார் அவற்றை ஒரு முறத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, "இதிலே அவர் தோளிலே போட்டுக்கிட்டது எது, சும்மா சேர்த்து வச்சது எது? எனக்கு அது தெரிஞ்சாப் போதும்" என்றார். சின்னத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. இந்தக் கேள்விக்கு விடை காண்பது முற்றிலும் வேறான வேலை.

முதலில் பெயர். சிப்பாயின் உடுப்பில் இருவகை அடையாளங்கள் உள்ளன. தொப்பியிலும் தோள் பட்டையின் ஓரத்திலும் இருக்கும் பித்தளைச் சின்னமும் எழுத்துக்களும் அவர் எந்த ரெஜிமெண்டைச் சேர்ந்தவர், அல்லது எந்தக் கோரைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லும். அது பெரும்பாலும் சேர்ந்த நாள் முதல் விலகும் நாள் வரை மாறாது. கைப்புறத்தில் தைக்கப்படும் துணிச் சின்னமோ, அவருடைய பிரிவு அச்சமயத்தில் எந்தப் பெரும்படையின் கீழ் இருக்கிறது என்பதைச் சொல்லும். இடம் மாறினால் அதுவும் மாறும். எங்கள் சரக்கு அலுவலக பாஷையில் சொல்வதானால், முன்னது வாகனின் உடம்பில் வர்ணத்தால் எழுதிய சொந்த ரயில்வேயின் எழுத்து. பின்னது, முன்னாளில் வாகனின் பக்கத்தில் செருகுவார்களே, அந்தப் பயணச் சீட்டு. ஒரே வாகனுக்கு எத்தனையோ சீட்டுகள். ஒரே டிரைவருக்கு எத்தனையோ சின்னங்கள்.

இப்படங்கள் எழுதும் வழக்கம் முதல் உலகப் போரில் தோன்றியது. வண்டிகளின் மேல் டிவிஷன் எண்ணை எழுதினால் எதிரியின் ஒற்றர்கள் படித்துவிடுவார்கள் என்று, ஆங்கிலேயர் எண்ணுக்குப் பதிலாகப் படங்களை எழுதத் தொடங்கினர். புலியையும் வில்லையும் கயலையும் கொடியில் எழுதிய நாட்டாராகிய நமக்கு இது புதிய யோசனை அன்று. ஆனால் மூவேந்தர் கொடி 'நான் இன்னான்' என்று அறிவிக்க எழுந்தது. இந்தப் படங்கள் அதையே மறைக்க எழுந்தன. இரண்டாம் உலகப் போரில் இவ்வழக்கம் மறுபடியும் வந்தது. இந்திய டிவிஷன்கள் ஒவ்வொன்றும் ஒரு படத்தை ஏற்றன. நாளடைவில் எண்ணைவிடப் படமே பெயராகிவிட்டது.

அவற்றுள் நம் வீட்டுப் பெட்டிகளில் கிடைக்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். சிவப்புக் கழுகு 4-ஆவது டிவிஷனுடையது. 1941-ல் எரித்ரியாவில் கெரன் என்னும் மலைக்கணவாயிலும், 1944-ல் இத்தாலியில் கஸினோவிலும் போரிட்டது. கறுப்பு நிலத்தில் சிவப்பு வட்டம் 5-ஆவது டிவிஷன்; நெருப்புப் பந்து என்பது அதன் பட்டப்பெயர். 1944 மார்ச்சில் இந்த டிவிஷனைத்தான் அரக்கானிலிருந்து விமானங்களில் ஏற்றி இம்பாலைக் காக்கக் கொண்டு சென்றார்கள். கறுப்புப் பூனை 17. கத்தியைப் பிடித்து ஓங்கிய கை 19, அது 1945 மார்ச்சில் மாண்டலேயைக் கைப்பற்றியது. வாளை ஏந்திய கை 20. சண்டைச் சேவல் 23. இந்தச் சேவலை முதலில் கண்ட என் தாயார் முருகன் கோயிலில் வாங்கியது என்றே எண்ணி, பூஜை அலமாரியில் வைக்கப் புறப்பட்டார். சீட்டுக்கட்டில் வரும் 'ஸ்பேட்' ஆட்டின் படம் 25. தென்னிந்தியாவின் பாதுகாப்புக்காக 1942-ல் திரட்டப்பட்ட டிவிஷன் அது. முக்கோணத்தினூடே அடியெடுத்து வைக்கும் புலி 26.

டிவிஷனுக்கு மேற்பட்ட படைகளை நிறத்தைக் கொண்டே அறியலாம். இன்றைய இந்திய ராணுவத்தில், சிவப்பு, கறுப்பு, சிவப்பு எனக் கிடையாக மூன்று பட்டைகள் இருந்தால் அது ஒரு கமாண்ட். நடுப்பட்டை வெள்ளையானால் அது ஒரு கோர். அப்பட்டைகளின் மேல் தென்திசை நட்சத்திரங்கள் இருந்தால், புனாவைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்குக் கமாண்ட்; உதய சூரியன் இருந்தால் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குக் கமாண்ட். சினார் மரத்தின் இலையும் கோடரியும் ஸ்ரீநகரத்து 15-ஆவது கோர். பாய்ந்து வரும் யானை தேஜ்பூரில் உள்ள 4-ஆவது கோர். இதில் ஒரு சங்கடம் உண்டு. எண் ஒன்றாக இருந்தும் படம் காலத்துக்குக் காலம் மாறலாம். இரண்டாம் உலகப் போரில் 15-ஆவது கோருக்கு இலை இல்லை. 'வி' என்னும் ஆங்கில எழுத்து மூன்று இருந்தது. ரோமானிய எண்ணில் 'வி' என்பது ஐந்து, மூவைந்து பதினைந்து! கணக்கு வாத்தியார் யாரோ வரைந்தது போலும்.

படம் தலைகீழாக இருக்கிறதே என்று யாரும் திருப்பித் தைத்துவிட வேண்டாம். எங்கள் டப்பாவில் இருந்த மிகப் பழைய சின்னம் கேடயத்தின் நடுவே ஒரு வாள். அதன் முனை கீழ்நோக்கி இருந்தது. கைப்பிடியில் ரோமானிய எண்ணில் பதினான்கு. இது 1943-ல் அமைந்த 14-ஆவது சேனையின் சின்னம். அதன் தளபதி வில்லியம் ஸ்லிம் தாமே இதை வரைந்தார். வாளின் முனை கீழ்நோக்கியிருப்பது சின்னக் கலையின் மரபுக்கு மாறு என்று பிறர் சொன்னதையும் அவர் அறிவார். பர்மாவை வடக்கிலிருந்து தெற்கு நோக்கித்தான் மீட்க வேண்டியிருந்தது. ஆகவே வாளும் தெற்கு நோக்கியது. தேசப்படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அது விளங்கும்.

1974-ல் பட்டாளத்தில் சேர்ந்தவரிடம் 1943-ன் சின்னம் எவ்வாறு வந்தது? அது என் தாயாரின் தகப்பனாருடையது. அவர் பயோனியர் படையில் சேர்ந்து பர்மாப் பாதையில் கல்லுடைத்தவர். எந்த டிவிஷனிலும் சேராமல் சேனைத் தலைமையின் நேர்ப்பொறுப்பில் பாதை போட்டவர்களும் பாலம் கட்டியவர்களும் சேனையின் சின்னத்தையே அணிந்தனர். மருமகனும் பட்டாளத்துக்காரர் என்பதால் தம்மிடமிருந்த இரண்டைக் கொடுத்துவிட்டுப் போனார்: ஒன்று அந்த வாள், மற்றொன்று ஒரு கறுப்புப் பூனை.

அந்தப் பூனையால்தான் எனக்கு வேலை வந்தது. ஏனெனில் டப்பாவில் பூனைகள் இரண்டு இருந்தன. யுத்தம் முடிந்ததும் பல டிவிஷன்கள் கலைக்கப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின்னர் அதே எண்களில் புதிய டிவிஷன்களைத் திரட்டியபோது நம் அரசாங்கம் பழைய படங்களையே ஏற்றது. 17-ஆவது டிவிஷன் 1960-ல் மீண்டும் எழுந்து சிக்கிமுக்குச் சென்றது. 1967-ல் நாதுலாவில் சீனரோடு மோதல் நிகழ்ந்தபோது அங்கே இருந்தது இதுவே. புலி ஜம்முவுக்குச் சென்றது. கத்தி பாராமுல்லாவுக்கும், ஸ்பேட் ரஜௌரிக்கும் சென்றன. ஆகவே பூனையைக் கண்டவுடன் பர்மா என்று எழுதிவிடலாகாது. சிக்கிம் என்றும் எழுதிவிடலாகாது. பொன் அம்பின் கதை இதனினும் விசித்திரமானது. 1947 பிரிவினையில் 7-ஆவது டிவிஷன் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அம்பையும் கூடவே கொண்டுபோயிற்று. பின்னர் நம் நாட்டிலும் ஒரு 7-ஆவது டிவிஷன் எழுந்து பிரோஸ்பூரில் எல்லையைக் காக்க அமர்ந்தது. அதற்கும் பொன் அம்பே சின்னம். எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே எண்ணும் ஒரே அம்பும்!

இரு பூனைகளையும் பிரித்தறிய முதுகைப் பார்க்க வேண்டும். முன்புறம் எவரையும் ஏமாற்றும். பின்புறம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. போர்க்காலத்துச் சின்னங்களில் பல பஜார்த் தையற்காரர் கையால் தைத்தவை. கம்பளித் துணியில் உருவத்தை வெட்டி வைத்துத் தைத்தவை உண்டு, பருத்தித் துணியில் அச்சடித்தவையும் உண்டு. கைவேலை ஆதலால் ஒன்றைப் போல் ஒன்று இராது. பாட்டனாரின் பூனைக்கு வால் சற்றுக் கோணல். பிற்காலத்தவை இயந்திரத்தில் தைத்தவை. பின்புறம் நூல்கள் வரிசை தவறாமல் ஓடும். அண்மைக் காலத்தவற்றில் பின்னால் ஒட்டும் பட்டையே இருக்கும். சந்தேகம் தீராவிடில், பின்புறத்திலிருந்து ஓர் இழையை மட்டும் எடுத்து நெருப்பில் காட்டலாம். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும். கம்பளி மயிர் பொசுங்கும் வாடை வீசும். செயற்கை நூல் உருகிச் சிறு மணியாகத் திரளும். அச்சோதனையைக் குழந்தைகள் கையில் விடவேண்டாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. டிக்கெட் கவுண்டரில் கள்ள நோட்டைப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கை அன்பர்கள் கண்டிருப்பார்கள். அத்தகைய விளக்கின் கீழ்ப் பிற்காலத்து வெள்ளை நூல் நீலமாய் ஒளிரும். பழைய நூல் மங்கலாகவே இருக்கும். ஆனால் இக்காலச் சலவைத் தூளில் ஒருமுறை அலசினாலும் பழைய துணி ஒளிரும். ஆதலால், ஒளிராதது பழையது என்று கொள்ள ஓரளவு இடமுண்டு; ஒளிர்வது போலி என்று சொல்லிவிட இடமில்லை.

வர்ணத்தையும் முன்புறத்தில் நம்பலாகாது. வெயிலில் மஞ்சள் வெளுக்கும். சிவப்பு ரோஜா நிறமாகும். பொன் அம்பு வெள்ளி அம்பாகிவிடும். அசல் நிறம் முதுகில்தான் ஒளிந்திருக்கும். மிருகங்களின் படங்கள் பல ஜோடியாகத் தைக்கப்பட்டன. இரு தோளிலும் முகம் முன்னோக்க வேண்டும் என்பதற்காக ஒன்று வலம், ஒன்று இடம் பார்க்கும். ஆகவே எதிர்த்திசை பார்க்கும் பூனை வேறொரு டிவிஷனின் பூனை அன்று. தவிர, டப்பாவில் உள்ளவை யாவும் படைச் சின்னங்கள் என்றும் கொள்ள வேண்டாம். பதவிப் பட்டைகள், பள்ளிக்கூடத்து என்.சி.சி. சின்னங்கள், யாரோ ஒரு பிள்ளை விளையாட்டுப் போட்டியில் பெற்றது முதலியவும் கலந்திருக்கும். எங்கள் டப்பாவில் என் அக்காளின் சாரணர் பட்டை இருந்தது.

நிற்க. பெயர்களைக் கண்டாயிற்று. தாயாரின் கேள்வி அப்படியே நின்றது. டிரைவர் என்பவர் எல்லா முகாம்களுக்கும் அரிசியும் பெட்ரோலும் கொண்டு செல்பவர். எல்லா வாசல்களிலும் தேநீர் குடிப்பவர். சிப்பாய்கள் சின்னங்களை மாற்றிக்கொள்வது, பிள்ளைகள் தீப்பெட்டிப் படம் மாற்றிக்கொள்வது போலத்தான். ஆகையால் அவர் கையில் இருபது சின்னங்கள் இருப்பது, இருபது இடங்களில் அவர் பணிபுரிந்தார் என்பதற்குச் சாட்சி ஆகாது.

இங்கே எனக்குக் கைகொடுத்தவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர். அவர் ஒவ்வொன்றையும் எடுத்துக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னர் கட்டைவிரலால் பின்புறத்தைத் தடவினார். "கஞ்சி இருக்கிறதா என்று பார்க்கிறேன், தம்பி" என்றார். பட்டாளத்து உடுப்புக்குக் கஞ்சி போட்டுத்தானே தேய்ப்பார்கள்! தோளில் இருந்த சின்னத்தின் முதுகில் கஞ்சி ஏறி விறைத்திருக்கும். ஓரத்தில் ஊசித் துளைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் சட்டையின் நூல் துண்டு ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். முன்புறம் வெளுத்தும் பின்புறம் வர்ணம் மாறாமலும் இருக்கும். மாற்றி வாங்கி வைத்ததோ மெத்தென்று, இருபுறமும் ஒரே நிறமாக இருக்கும். இந்தச் சூத்திரம் எந்தப் புத்தகத்தைவிடவும் எனக்குப் பயன்பட்டது.

அவ்வாறு தடவிப் பார்த்ததில் பாட்டனாரின் இரண்டு நீங்கலாக ஐந்து மட்டுமே தேறின. சிக்கிமின் பூனை. பிரோஸ்பூரின் அம்பு. ஜம்முவின் புலி. தெற்குக் கமாண்டின் நட்சத்திரங்கள். அது அவருடைய கடைசி வருஷங்கள். இவை நான்கும் பிளேடால் தையலை ஒவ்வொன்றாக அறுத்துப் பக்குவமாகப் பிரித்தெடுக்கப்பட்டவை. சட்டை மறுபடி உதவும் அல்லவா? ஐந்தாவது மட்டும் அவ்வாறு இல்லை. அது காட்டெருமை உருவம். சட்டைத் துணியோடு சேர்த்துக் கத்தரிக்கோலால் நறுக்கப்பட்டிருந்தது.

காட்டெருமை என்றால் 54-ஆவது டிவிஷன் என்று செகந்தராபாத்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் இருப்பிடம் இவ்வூர்தான். ஆனால் சின்னம் டிவிஷனைத்தான் சொல்லும். டிவிஷன் அந்நாளில் எங்கே நின்றது என்பதைச் சொல்லாது. 1987 ஜூலை 29-ஆம் தேதி இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்துகொண்டபின், அமைதிப்படை என்ற பெயரால் முதலில் யாழ்ப்பாணத்துக்குச் சென்ற டிவிஷன் இதுவே. காக்கப் போன படை, அவ்வாண்டு அக்டோபரிலிருந்து போரிடும் படையாயிற்று. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரும்புவதற்குள் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் பட்ட துன்பத்தை இப்பத்தியின் அளவுக்குள் சொல்லி முடியாது. திரும்பி வந்த படையை வரவேற்கத் தமிழ்நாட்டு முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. அன்றைய தமிழ்நாட்டின் மனநிலை அத்தகையது.

நான் பிறந்தது 1988-ல். என் பெயர்சூட்டு விழாப் படத்தில் தகப்பனார் இல்லை. "லீவு கிடைக்கவில்லை" என்றே நாங்கள் கேட்டு வளர்ந்தோம். முறத்தில் கிடந்த காட்டெருமையை எடுத்து, "இது அவர் அணிந்ததுதான், அம்மா" என்று சொன்னேன். தாயார் சிறிது நேரம் அதைப் பார்த்தார்.

"தெரியும்ப்பா. அதை நறுக்கினது நான்தான்" என்றார்.

பிறகு சொன்னார். அப்பொழுது அவர் வேலூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் இருந்தார். தினமும் பத்திரிகையில் யாழ்ப்பாணத்துச் செய்திதான். "உன் வீட்டுக்காரர் எங்கே?" என்று கிணற்றடியில் கேட்டவர்களிடம் "செகந்தராபாத்திலே" என்று சொல்லிவிடுவாராம். டிவிஷன் செகந்தராபாத்தினுடையது ஆகையால் அது பொய்யுமில்லை. 1989-ல் தகப்பனார் லீவில் வந்தபோது அந்தச் சட்டையைக் கழற்றி வைத்தவர் மறுபடி போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார். "அங்கே என்னை வண்டி ஓட்டச் சொன்னதைவிடப் பேசச் சொன்னதுதான் அதிகம்" என்று ஒருநாள் ராத்திரி சொன்னாராம். உடன் இருந்தவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் தமிழ் தெரியாது. சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும். தமிழ் தெரிந்த டிரைவர் இறங்கி, அவர்கள் கேட்கச் சொன்னதையெல்லாம் கேட்க வேண்டும். எதிரே நிற்பது பிள்ளையைத் தேடிக்கொண்டு வந்த தாயாகவும் இருக்கும். என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பதை அவர் சொல்லவில்லை, தாயாரும் கேட்கவில்லை. சட்டையைக் கிழித்து வண்டி துடைக்க எடுத்துக்கொண்டார். அதற்கு முன்னர் தாயார் தோள் பக்கத்தை மட்டும் நறுக்கிப் பெட்டியில் போட்டுவிட்டார். "அவர் போய் வந்த இடம், எனக்கு வேணும்னு தோணிச்சு" என்றார்.

தாயார் விடை தெரிந்துகொண்டுதான் என்னைக் கேட்டாரா, அல்லது மற்ற நான்கையும் அறியக் கேட்டாரா என்பதை நான் விசாரிக்கவில்லை. அதன்பின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தோம். மெடல்களின் வரிசையில் விசேஷ சேவை மெடலும் அதன்மேல் 'ஸ்ரீலங்கா' என்னும் பட்டியும் குறிக்கப்பட்டிருந்தன. பல வருஷங்களாக அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில்தான் இருந்தது. பென்ஷன் எண்ணுக்காக மட்டுமே அதைத் திறப்போம்.

இங்ஙனம் சின்னம், முதுகு, காகிதம், வீட்டாரின் வாக்கு என நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை ஒருவாறு உருவாகிறது. காகிதம் இல்லாதவர்கள் மனந்தளர வேண்டாம். ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் கோருக்கும் ரிக்கார்டு ஆபீஸ் உண்டு. சப்ளை கோரின் தெற்குப் பகுதிக்குப் பெங்களூரில் இருக்கிறது. பெட்டியின் மூடியில் வெள்ளை எழுத்தில் இருக்கிறதே, அந்த எண்தான் இதில் முக்கியம். எண், பதவி, பெயர், சேர்ந்த ஆண்டு, உறவு முறை ஆகியவற்றைக் குறித்து மனைவியோ மக்களோ எழுதலாம். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாயிலாகவும் எழுதலாம். பெட்டிக்குப் புதிய வர்ணம் பூசுகிறோம் என்று அந்த எண்ணை அழித்துவிட்ட வீடுகள் இரண்டை நான் அறிவேன். முதலில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு பிறகு பூசுங்கள்.

மெடல்களை விளிம்போடு சுற்றிப் பாருங்கள். சுதந்திர இந்தியாவின் மெடல்கள் பலவற்றில் பெற்றவரின் எண்ணும் பெயரும் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். துணிச் சின்னத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதை யாரும் யாருடையதென்றும் சொல்லிக்கொள்ளலாம். அதனால்தான் இதில் வியாபாரமும் புகுந்துவிட்டது. 14-ஆவது சேனையின் வாளைப் பார்த்த பழம்பொருள் வியாபாரி ஒருவர், மூன்று முறை வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் விலையை உயர்த்தினார். டப்பாவோடு கொடுத்தால் இன்னும் கூடுதல் என்றார். விற்பதும் விற்காததும் அவரவர் விருப்பம், கஷ்டம் வந்தால் விற்கத்தான் வேண்டும். ஆனால் டப்பாவோடு விற்பது கூடாது என்பது என் கருத்து. தனித்தனியே பிரிந்துபோன சின்னம் வெறும் பூனை, வெறும் அம்பு. வாங்குவோரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பர்மாக் காலத்துச் சின்னங்களின் புதிய நகல்கள் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கப்பட்டு விலைக்கு வருகின்றன. நனைத்த துணி எங்கும் ஒரே பழுப்பாக இருக்கும். வெயில் அப்படிச் சமமாக வேலை செய்வதில்லை. இளைஞர்கள் இச்சின்னங்களை அணிந்துகொண்டு தம்மைச் சிப்பாய் என்று பிறர் நம்பும்படி நடப்பது சட்டப்படி தண்டனைக்குரியது என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

காக்கும் முறை எளிது. பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஈரம் உள்ளே நின்று பூசணம் பிடிக்கும். கஞ்சி ஏறிய சின்னத்தை அலசாதீர்கள்; சாட்சி போய்விடும். ஆனால் கஞ்சியைத் தேடி வெள்ளிப்பூச்சி வரும் ஆதலால், துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மாதம் ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாட விடுங்கள். சின்னத்தின் மேல் பேனாவால் எழுத வேண்டாம். தனிக் காகிதத்தில் மூன்று செய்திகள் போதும்: இது எந்தப் படையின் சின்னம், இவர் அணிந்ததா, கிடைத்ததா, இதைச் சொன்னவர் யார். மூன்றாவதை எவரும் எழுதுவதில்லை. எங்கள் வீட்டுக் காட்டெருமையின் காகிதத்தில் அந்த இடத்தில் என் தாயாரின் பெயர் இருக்கிறது, அவரே எழுதினார்.

அடுத்த மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது சுபேதார் ஐயா சங்கத்து வாசகசாலைக்கு வந்து அன்பர்களின் சின்னங்களைப் பார்க்க இசைந்திருக்கிறார். பூதக்கண்ணாடி நான் கொண்டு வருகிறேன். டிஸ்சார்ஜ் புத்தகம் இருப்பவர்கள் அதன் நகலையும் எடுத்து வரலாம். டப்பாவை மட்டும் பையனிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்; வீட்டில் பெரியம்மாவோ பாட்டியோ இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். படி ஏற முடியாதவர்களுக்காகக் கீழ்த்தளத்திலேயே நாற்காலிகள் போடச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.